பெண்ணாக நடிக்கும் பையன் ஆணாக நடிக்கும்போது

முருகன் கிழவன் வேடத்தில் வந்து வள்ளியிடம் தேனும் தினைமாவும் கேட்கும்போது, வந்திருப்பது முருகன்தான் என்று கடைசி வரிசையில் தூங்கி விழுகிற குழந்தைக்கும் தெரியும். தெரியாதது வள்ளி ஒருத்திக்குத்தான். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமண’த்தை விடிய விடியப் பார்த்தவர்கள் யாரும், ‘ஒட்டுத்தாடி இப்படித் தொங்குகிறதே, இதுகூடவா இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை’ என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனதில்லை. தாடி தொங்கினால் இன்னும் கொஞ்சம் சிரிப்பு, அவ்வளவுதான்.

ஷேக்ஸ்பியரின் ‘டுவெல்த் நைட்’ பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் நம்மவர்களுக்கே இந்தத் தாராள மனசு போய்விடுகிறது. அதெப்படி ஓர் ஆணும் பெண்ணும் உரித்து வைத்தாற்போல் ஒரே மாதிரி இருப்பார்கள், அதெப்படி ஒரு சட்டையைப் போட்டதும் ஊரே ஏமாறும் என்று கணக்குக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். என் அலுவலக நண்பர் ஒருவர், பள்ளியில் இதைப் பாடமாகப் படித்தவர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதே கேள்வியைப் போட்டு என்னை மடக்கப் பார்த்தார். அந்த எரிச்சலில்தான் இங்கே சிங்கப்பூரில் எஸ்பிளனேட் கலையரங்க நூலகத்தில் போய் உட்கார்ந்து, இந்த நாடகம் மேடையேறிய கதையைத் தேடித் தேடி வாசிக்க ஆரம்பித்தேன். வாசிக்க வாசிக்க எனக்குத் தோன்றியது இதுதான்: பார்ப்பவர்களையும் சேர்த்து ஏமாற்றிவிட வேண்டும் என்று மெனக்கெட்டவர்கள் கையில் இந்த நாடகம் நொண்டியிருக்கிறது, வேடத்தை வேடமாகவே காட்டியவர்கள் கையில் ஓடியிருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்காக வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பல் உடைந்து இல்லிரியா என்ற நாட்டில் கரை ஒதுங்குகிறாள் வயோலா. கூடப்பிறந்த இரட்டையன் செபாஸ்டியனைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று நினைத்து, ஆண் உடை போட்டுக்கொண்டு, சிசாரியோ என்ற பெயரில் டியூக் ஓர்சினோவிடம் வேலைக்குச் சேர்கிறாள். அவர்மேல் காதலும் வந்துவிடுகிறது. அவரோ ஒலிவியா என்ற சீமாட்டியை நினைத்து உருகிக்கொண்டு, தூது போக இந்தச் சிசாரியோவையே அனுப்புகிறார். அண்ணன் செத்த துக்கத்தில் வீட்டை அடைத்துக்கொண்டு கிடக்கும் ஒலிவியா, தூது அனுப்பியவரை விட்டுவிட்டுத் தூது வந்த பையன்மேல் மயங்குகிறாள். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அதே வீட்டில் காரியஸ்தர் மல்வோலியோ. சிரிக்கத் தெரியாத மனிதர், யாரும் சிரிப்பதும் பிடிக்காது. ஒலிவியாவின் குடிகார உறவினர் சர் டோபியும் பணிப்பெண் மரியாவும் சேர்ந்து, ஒலிவியா எழுதியது போல் ஒரு காதல் கடிதத்தைத் தோட்டத்தில் போட்டு வைக்கிறார்கள். மஞ்சள் காலுறை போடு, அதன்மேல் குறுக்குப் பட்டி கட்டு, என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரி. மனிதர் நம்பிவிடுகிறார். பைத்தியம் என்று சொல்லி இருட்டறையில் அடைக்கும்வரை போகிறது விஷயம். செபாஸ்டியன் உயிரோடு வந்து சேர்ந்ததும் மற்ற முடிச்செல்லாம் அவிழ்கிறது, மல்வோலியோவுடையதைத் தவிர.

இதன் முதல் மேடையேற்றம் என்று ஆதாரத்தோடு சொல்ல முடிவது 1602 பிப்ரவரி 2, லண்டனில் மிடில் டெம்பிள் என்ற வழக்கறிஞர் கழகத்தின் சாப்பாட்டு மண்டபத்தில். சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் புதிதில்லை. லீ குவான் யூ 1950இல் வழக்கறிஞராக அங்கேதான் பதிவானார், அவருக்கு முன்னால், சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷலும் அதே கழகம்தான். அந்த மண்டபம் இன்றும் அதே மரக்கூரையோடு நிற்கிறது. அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்த ஜான் மானிங்காம் என்ற இளைஞர், விருந்தன்று பார்த்த நாடகத்தைப் பற்றித் தன் நாட்குறிப்பில் நாலு வரி எழுதி வைத்தார். இத்தாலிய நாடகம் ஒன்றைப் போல இருக்கிறது, பழைய லத்தீன் நகைச்சுவையைப் போலவும் இருக்கிறது என்று ஆரம்பித்து, காரியஸ்தரைக் கடிதம் போட்டு ஏமாற்றும் இடம் பிரமாதம் என்று எழுதுகிறார். ஒலிவியாவை விதவை என்று நினைத்துவிட்டார் பாவம், கறுப்பு உடையைப் பார்த்துக் குழம்பியிருப்பார். வயோலாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! நமக்குக் கிடைத்திருக்கும் முதல் விமர்சகருக்கே கதாநாயகி நினைவில் நிற்கவில்லை. அதற்கப்புறமும் பல காலம் இதே நிலைதான். 1623இல் அரண்மனையில் நடித்தபோது பதிவேட்டில் நாடகத்தின் பெயரே ‘மல்வோலியோ’ என்றுதான் இருக்கிறது. முதலாம் சார்லஸ் மன்னர் தன்னிடமிருந்த ஷேக்ஸ்பியர் தொகுப்பில், இந்த நாடகத்தின் தலைப்புக்குப் பக்கத்தில் ‘மல்வோலியோ’ என்று தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த மண்டபத்தில் வயோலாவாக நடித்தது ஒரு பையன். அப்போது இங்கிலாந்தில் பெண்கள் மேடையேறும் வழக்கம் இல்லை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. பையன் முதலில் பெண்ணுடையில் ஒரே ஒரு காட்சியில் வருகிறான், கப்பல் உடைந்து கரையேறும் காட்சி. அப்புறம் கடைசிவரை ஆண் உடைதான். வயோலாவின் பெண்ணுடை கப்பல் தலைவனிடம் இருக்கிறது, அவனோ மல்வோலியோ போட்ட வழக்கில் சிறையில் கிடக்கிறான், ஆகவே திருமணப் பேச்சு முடிந்த பிறகும் அவள் உடை மாற்றாமலே மேடையை விட்டுப் போகிறாள். அதாவது அந்தப் பையனுக்கு நடிக்கக் கஷ்டமான பகுதி முதல் காட்சியோடு முடிந்துவிடுகிறது. 1912இல் இந்த நாடகத்தை இயக்கிய ஹார்லி கிரான்வில்-பார்க்கர் இதைத்தான் சொன்னார்: அன்றைய பார்வையாளர்களுக்கு நம்ப வேண்டிய சிரமம் எங்கே முடிந்ததோ, பெண் நடிகையைப் பார்க்கும் நமக்கு அங்கேதான் அது ஆரம்பிக்கிறது.

நமக்கு இதை விளக்கவே வேண்டாம். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் சிலவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தார், ‘ஆஸ் யூ லைக் இட்’ ‘விரும்பிய விதமே’ ஆனது. அதிலும் பெண் ஒருத்தி ஆண் வேடம் போடுகிறாள். படித்த, உத்தியோகத்தில் இருந்த ஆண்கள்தான் அந்தச் சபையில் சேலை கட்டிக்கொண்டு நடித்தார்கள். சம்பந்த முதலியாருக்கு ஜோடியாகப் பெண் வேடத்தில் நடித்த ரங்கவடிவேலுவைப் பற்றி முதலியாரே உருகி உருகி எழுதியிருக்கிறார். பாய்ஸ் கம்பெனிகளில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று பிரித்து வைத்து, குரல் உடையும் வயது வரும்வரை சிறுவர்களைப் பெண்ணாக நடிக்க வைத்தார்கள். டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்தே ‘ஔவை சண்முகம்’ ஆனார், சென்னையில் அவர் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது. மறுபக்கம் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தினார். ஆகவே பெண்ணாக நடிக்கும் பையன் ஆணாக நடிக்கிறான் என்று சொன்னால், என் தாத்தா காலத்து ஆள் யாரும் தலையைச் சொறிந்திருக்க மாட்டார்.

சரி, லண்டனுக்குத் திரும்புவோம். 1642இல் நாடக அரங்குகளை மூடினார்கள், 1660இல் திறந்தபோது நடிகைகள் வந்துவிட்டார்கள். இந்த நாடகத்தைப் புதுப்பித்தபோது, நாட்குறிப்பு எழுதியே பேர் வாங்கிய சாமுவேல் பீப்ஸ் மூன்று முறை போய்ப் பார்த்தார், மூன்று முறையும் திட்டினார். 1661இல் போனபோது, மனைவி இல்லாமல் நாடகம் பார்க்க மாட்டேன் என்று கொடுத்த சத்தியம் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்ததாம், அதனால் ரசிக்க முடியவில்லை என்கிறார். 1663இல் ஜனவரி 6, அதாவது கிறிஸ்துமஸ் முடிந்து வரும், ‘டுவெல்த் நைட்’ என்ற பெயரே குறிக்கும் அந்தப் பன்னிரண்டாம் நாள் பண்டிகையிலேயே போய்ப் பார்த்துவிட்டு, அசட்டு நாடகம், பெயருக்கும் நாளுக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதினார். 1669இல், மேடையில் தான் பார்த்தவற்றிலேயே மிக மட்டமான நாடகங்களில் ஒன்று என்றார். இவ்வளவு பிடிக்காத நாடகத்துக்கு எதற்கு ஐயா மூன்றாம் முறை? பீப்ஸ் எனக்குப் பிடித்த ஆள், ஆனால் இந்த விஷயத்தில் அவரை நம்புவதற்கில்லை.

நடிகைகள் வந்த பிறகு ஆண் வேடத்தின் அர்த்தமே மாறிவிட்டது. நீண்ட பாவாடை போட்ட காலத்தில் ஒரு பெண் கால்சராய் போட்டு மேடையில் நின்றால் கணுக்காலும் முழங்காலும் தெரியும், அதைப் பார்க்கவே கூட்டம் வரும். இதை நாசூக்காக யாரும் மறைக்கவில்லை. 1780களில் டோரா ஜோர்டன் வயோலாவாக வந்து லண்டனைக் கட்டிப்போட்டபோது, அவர் குரலைப் புகழ்ந்தவர்கள் அளவுக்குக் காலைப் புகழ்ந்தவர்களும் இருந்தார்கள். (பின்னாளில் மன்னரான நான்காம் வில்லியமின் துணைவியாக இருந்து பத்துப் பிள்ளைகள் பெற்றவர் இவர். அது வேறு ஒரு பெரிய கதை, கண்ணீரோடு முடியும்.) ஒருமுறை செபாஸ்டியனாக அவருடைய சொந்தத் தம்பி ஜார்ஜ் பிளாண்டையே நடிக்க வைத்தார்கள். ஜாடைக்காகச் செய்த ஏற்பாடு, கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் டோராவைப் பார்க்கப் போன கூட்டத்தில் யாராவது அவரை ஆண் என்று நம்பியிருப்பார்களா? நம்பவே வேண்டாம் என்பதால்தான் போனார்கள். 1846இல் சார்லட் குஷ்மன், சூசன் குஷ்மன் என்ற அமெரிக்க அக்கா தங்கை வயோலாவும் ஒலிவியாவுமாக லண்டனில் நடித்தார்கள். அதற்குச் சற்று முன்னால் அதே சார்லட் ரோமியோவாகவும் தங்கை ஜூலியட்டாகவும் நடித்துப் பேர் வாங்கியிருந்தார்கள்.

இனி வருகிறது நான் சொன்ன நொண்டல். 1865இல் கேட் டெர்ரி என்ற நடிகை வயோலா, செபாஸ்டியன் இரண்டையும் தானே நடித்தார். 1937இல் ஓல்ட் விக் அரங்கில் டைரோன் கத்ரி இயக்கியபோது ஜெசிகா டாண்டி அதையே செய்தார். அந்தத் தயாரிப்பில் சர் டோபியாக லாரன்ஸ் ஒலிவியே, அவருக்குத் துணையாகத் திரியும் அசடு சர் ஆண்ட்ரூவாக அலெக் கின்னஸ், பெயர்களைப் பார்த்தாலே வாய் ஊறும். இரட்டை வேடம் என்றதும் நமக்குச் சினிமா ஞாபகம் வருகிறது. கேமராவை மூடித் திறந்து ஒரே ஆளை இருபக்கமும் நிறுத்தலாம். 1949இல் கே. ராம்நாத் இயக்கி வந்த ‘கன்னியின் காதலி’ இந்தக் கதையின் தமிழ் வடிவம்தான், கண்ணதாசன் முதன்முதலாகப் பாட்டு எழுதியதும் அந்தப் படத்துக்குத்தான். மேடையில் கேமரா ஏது? நாலரை அங்கம்வரை ஜோராக ஓடும். கடைசிக் காட்சியில் இருவரும் ஒரே நேரத்தில் எதிரெதிரே நிற்க வேண்டும், அங்கே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இன்னொருவரை அதே உடையில் கொண்டுவந்து நிறுத்தி, பேச்சைக் குறைத்து, எப்படியாவது சமாளிக்க வேண்டும்.

குறைக்கிற அந்தப் பேச்சுதான் நாடகத்தின் உயிர் என்பது என் கட்சி. இருவரும் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்வதில்லை. நீ யார், உன் ஊர் எது, உன் அப்பா யார் என்று செபாஸ்டியன் கேட்கிறான். வயோலா, என் அப்பாவுக்குப் புருவத்தின் பக்கம் ஒரு மச்சம் உண்டு என்கிறாள். என் அப்பாவுக்கும் உண்டு என்கிறான் அவன். வயோலாவுக்குப் பதின்மூன்று வயது ஆன நாளில் அவர் இறந்தார் என்கிறாள். ஆமாம், அந்த நாள் எனக்கும் நினைவிருக்கிறது என்கிறான். எதிரில் நிற்பது யார் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது, ஆனாலும் நம்பிவிட்டால் மறுபடி இழக்க நேருமோ என்று பயந்து பயந்து, சாட்சி சாட்சியாக அடுக்குகிறார்கள். வயோலா என்ற பெயரே நாடகத்தில் முதல் தடவையாக உச்சரிக்கப்படுவது இந்தக் காட்சியில்தான்! அதுவரை மேடையில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. இதை இரண்டு நல்ல நடிகர்கள் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் டூப் ஆளாக இருந்தால் எப்படி நடக்கும்? முகஜாடைக்காக இந்தக் காட்சியைப் பலி கொடுத்தது மோசமான பேரம்.

இன்னொரு நொண்டல், ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ 1901இல் போட்டது. ஒலிவியாவின் தோட்டத்தை அச்சு அசலாகக் கொண்டுவந்தார், படிப்படியாக இறங்கும் மேடை, நிஜப் புல், நிஜ நீரூற்று. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் ஒருமுறை நட்டு வைத்த தோட்டத்தைச் சட்டென்று கிளப்பவா முடியும்? வேறு எங்கோ நடக்க வேண்டிய காட்சிகளும் அதே புல்வெளியில் நடந்தன. மல்வோலியோவாக நடித்த ட்ரீ, தனக்குப் பின்னால் நாலு குட்டி மல்வோலியோக்களையும் நடக்கவிட்டார், அவர் எப்படித் திரும்பினாலும் அவர்களும் அப்படியே. அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, புல்தான் பிடிக்கவில்லை. பதினொரு ஆண்டு கழித்து கிரான்வில்-பார்க்கர் சவோய் அரங்கில் புல்லையெல்லாம் வாரிப் போட்டுவிட்டு, திரைகளும் பொம்மை மரம் போன்ற மரங்களுமாக வைத்து, வசனத்தை அதிகம் வெட்டாமல் வேகமாகப் பேசவிட்டார். இன்று நாம் பார்க்கிற தயாரிப்புகளில் பாதி அவருக்குக் கடன்பட்டவை.

வேடத்தை வேடமாகவே காட்ட வேண்டும் என்பதற்கு நாடகத்துக்குள்ளேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது. மல்வோலியோவை இருட்டறையில் அடைத்த பிறகு, பபூன் ஃபெஸ்டே பாதிரியார் வேடம் போட்டு அவரிடம் பேசப் போகிறான். நீள அங்கி, தாடி எல்லாம் மாட்டிக்கொண்டு போகிறான். உள்ளே இருப்பவருக்கோ எதுவும் தெரியாது, வெறும் குரல்தான் கேட்கும். பேசி முடித்ததும் மரியா சொல்கிறாள்: தாடியும் அங்கியும் இல்லாமலே இதைச் செய்திருக்கலாமே, அவருக்குத்தான் நீ தெரியவில்லையே! அப்படியானால் அந்தத் தாடி யாருக்காக? எதிரே உட்கார்ந்திருக்கும் நமக்காக. ஒரு பாத்திரத்தை இன்னொரு பாத்திரத்திடமிருந்து மறைப்பதற்காகவே ஷேக்ஸ்பியர் வேடத்தை வைத்திருந்தால் இந்த வரியை எழுதியிருக்கவே மாட்டார். இன்னோரிடத்தில் ஃபேபியன் என்ற வேலைக்காரன், இதையே மேடையில் போட்டால் நடக்கவே நடக்காத கட்டுக்கதை என்று சொல்லியிருப்பேன் என்கிறான். என் அலுவலக நண்பருக்குப் பதில் 1602லேயே சொல்லப்பட்டாகிவிட்டது.

மல்வோலியோ கதை தனி. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராபர்ட் பென்ஸ்லி என்ற நடிகர் அவரைக் கம்பீரமான மனிதராக நடித்ததாகக் கட்டுரையாளர் சார்லஸ் லாம் 1822இல் எழுதினார், கோமாளியை மனிதனாகப் பார்க்கும் வழக்கம் அந்தக் கட்டுரையிலிருந்து சூடு பிடித்தது. 1884இல் ஹென்றி இர்விங் லைசியம் அரங்கில் இன்னும் ஒரு படி மேலே போனார். சிறைக் காட்சியைக் கிட்டத்தட்டச் சோக நாடகமாகவே நடித்தார், சிரிக்க வந்த கூட்டம் முதல் நாளே கூச்சலிட்டது. திரை விழுந்த பிறகு இர்விங் முன்னால் வந்து கூட்டத்தைக் கடிந்து ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். மல்வோலியோ வந்து பேசியது போலவே இருந்திருக்கும்! அந்தத் தயாரிப்பில் வயோலா எலன் டெர்ரி, முன்னால் சொன்ன கேட் டெர்ரியின் தங்கை. விரலில் சீழ் பிடித்து வலியோடு நடித்து, கடைசியில் இன்னொரு சகோதரி மேரியனிடம் பாத்திரத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு குடும்பத்தில் மூன்று வயோலா.

1969இல் ஷேக்ஸ்பியரின் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் ஜான் பார்ட்டன் இயக்க, ஜூடி டென்ச் வயோலாவாகவும் டொனால்ட் சின்டன் மல்வோலியோவாகவும் நடித்ததைப் பற்றி எழுதினால் நிறுத்த மாட்டேன், ஒன்றே ஒன்று சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு சூரியக் கடிகாரம். சின்டன் தன் கடிகாரத்தைப் பார்க்கிறார், சூரியக் கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. போய்ச் சூரியக் கடிகாரத்தைத் திருப்பிவைக்கிறார். மல்வோலியோ யார் என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

2002இல், முதல் காட்சி நடந்து நானூறு ஆண்டு ஆனதைக் கொண்டாட, லண்டன் குளோப் அரங்கினர் அதே மிடில் டெம்பிள் மண்டபத்துக்கு நாடகத்தைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். டிம் கேரல் இயக்கம், எல்லாரும் ஆண்கள். வயோலாவாக வந்த இளைஞருக்கு அதுதான் தொழில்முறையில் முதல் மேடை, பெயர் எடி ரெட்மெய்ன். ஒலிவியா மார்க் ரைலன்ஸ். பார்வையாளர்கள் உள்ளே வரும்போதே நடிகர்கள் கண்ணெதிரில் உடுத்திக்கொண்டிருப்பார்கள், முடிச்சுப் போட்டு, முகத்துக்கு வெள்ளை பூசி, ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டு. நம் கூத்தில் அரிதாரம் பூசும் கொட்டகைக்குள் சிறுவர்கள் எட்டிப் பார்ப்பார்களே, அதைக் கட்டணத்தில் சேர்த்துவிட்டார்கள். மறைக்க இனி எதுவும் இல்லை. ஆனால் நாடகம் ஆரம்பித்து ரைலன்ஸ் தரையில் கால் படாதது போல் வழுக்கிக்கொண்டு வரும்போது, துக்கம் காத்துக் காத்து அலுத்துப்போன ஒரு சீமாட்டியைத்தான் பார்க்கிறோம். பதிவாகத்தான் நான் பார்த்தேன், அதற்கே இப்படி. இந்தத் தயாரிப்பை 2012இல் ஸ்டீபன் ஃப்ரையை மல்வோலியோவாக வைத்துத் திரும்பப் போட்டார்கள், 2013இல் நியூயார்க்கின் பிராட்வேக்குக் கொண்டுபோனார்கள், 2014இல் ரைலன்ஸுக்கு ஒலிவியாவுக்காக டோனி விருது கிடைத்தது.

அதே 2012இல், ஷேக்ஸ்பியரை முப்பத்தேழு மொழிகளில் போட்ட குளோப் விழாவில், மும்பையிலிருந்து அதுல் குமாரின் குழு இந்த நாடகத்தை ஹிந்தியில் கொண்டுபோனது, ஆர்மோனியமும் பாட்டுமாக. இங்கே சிங்கப்பூரில் அதே ஆண்டு சிங்கப்பூர் ரெப்பர்ட்டரி தியேட்டர் ஃபோர்ட் கேனிங் புல்வெளியில் இதை மேடையேற்றியது. (இங்கேயும் நிஜப் புல்தான், ஆனால் அதில் உட்கார்ந்திருந்தது நாங்கள்.) பாய் விரித்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, கொசுவை அடித்துக்கொண்டு பார்த்தோம். பக்கத்துப் பாயில் ஒரு சீனப் பாட்டி, பேத்தி கூட்டிக்கொண்டு வந்திருந்தாள், ஆங்கிலம் ஓடவில்லை போலிருக்கிறது, பேத்தி காதோடு காதாக மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தாள். கடிதக் காட்சி வந்தபோது பாட்டி கையை ஆட்டிப் பேத்தியை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஒருவன் கடிதம் படிக்கிறான், ஒளிந்திருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள், இதற்கு மொழி எதற்கு?

2020 ஏப்ரலில், கொவிட் முறியடிப்புக் காலத்தில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, லண்டன் நேஷனல் தியேட்டர் தன் 2017 தயாரிப்பை யூடியூபில் ஒரு வாரம் இலவசமாகப் போட்டது. நாலறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் ஆளுக்கொரு மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் அன்றிரவு ஒரே திரைமுன் கூடினோம். சைமன் காட்வின் இயக்கத்தில் மல்வோலியோ இப்போது மல்வோலியா, டாம்சின் கிரெக் நடித்தார். ஒரு பெண் தன் எஜமானியை மனசுக்குள் காதலித்து, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரு பொய்க் கடிதத்தால் வெளியே கொட்டிவிட்டால்? மஞ்சள் உடையில் அவர் வந்தபோது நான் சிரித்தேன். இருட்டறைக் காட்சியில் சிரிப்பு நின்றுபோயிற்று, என் மகள் ‘ஏம்மா இவங்களை மட்டும் இப்படிப் பண்றாங்க’ என்று கேட்டாள். இந்த நாடகத்தில் எல்லாருடைய வேடமும் நமக்குத் தெரியும், மல்வோலியோவுடையதும் தெரியும். வித்தியாசம் என்னவென்றால், வயோலாவுடையது அவள் தானாகப் போட்டுக்கொண்ட வேடம், மல்வோலியோவுடையது மற்றவர்கள் சேர்ந்து போட்டுவிட்டது, நாமும் அந்தச் சதியைத் தெரிந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறோம். ‘உங்கள் கூட்டத்தையே பழிவாங்குவேன்’ என்று சொல்லிவிட்டு அவர் போகும்போது அந்தக் கூட்டத்தில் நாமும் உண்டா என்பது மகளுக்கு அன்றிரவு பெரிய கேள்வியாக இருந்தது.

இங்கே யாராவது இதைத் தமிழில் போட மாட்டார்களா என்று எனக்கு ஓர் ஆசை. நம் குழுக்களில் திறமைக்குப் பஞ்சமில்லை, பாட்டுப் பாடும் பபூன்களும் இருக்கிறார்கள். இரட்டையருக்கு முகஜாடை தேட வேண்டாம். ஒருவர் நெட்டை ஒருவர் குட்டையாக இருந்தாலும் ஒரே நிறச் சட்டை போதும், மச்சம் பேசும் காட்சியில் ஒரு வரியையும் வெட்டக் கூடாது, என் நிபந்தனை அது ஒன்றுதான். ஒலிவியாவைச் செய்ய ஓர் ஆண் கிடைத்தால் நல்லது, சேலைக் கட்டு தெரிந்தவராக.

மஞ்சள் காலுறைக்கு என்ன செய்வது என்றுதான் ரொம்ப நாளாக யோசித்தேன். நமக்கு மஞ்சள் மங்கலம், யார் சிரிப்பார்கள்? அப்புறம்தான் உறைத்தது, ஒலிவியாவின் வீடு துக்க வீடு. அண்ணன் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றி வைத்திருக்கும் வீட்டில், வாசலில் சத்தமாகச் செருப்புப் போட்டு நடந்தாலே முறைக்கும் காரியஸ்தர், மஞ்சள் பட்டுச் சட்டையும் சந்தனமும் கையில் சுற்றிய மல்லிகைச் சரமும் ஜவ்வாது வாசனையுமாக, முப்பத்திரண்டு பல்லும் தெரிய உள்ளே நுழைந்தால் போதாதா? நிறத்தை மாற்றவே வேண்டாம்.